மெத்தைக்காரர் பார்த்து எடுத்த படகு

அந்த ஊரில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் மெத்தைக்காரர் தைத்ததன் மேல்தான் உட்காருகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் அவர் போட்ட சீட். சினிமாவுக்குப் போனால் அவர் போட்ட நாற்காலி. பல் பிடுங்கப் போய் வாயைப் பிளந்துகொண்டு படுத்தால், முதுகுக்கு அடியில் இருப்பதும் அவர் கைவேலைதான். இதையெல்லாம் சொன்னது வேறு யாரும் இல்லை, அவரேதான். ஆனால் பொய் இல்லை. எந்த சீட்டை வேண்டுமானாலும் கவிழ்த்துப் பார்க்கலாம். அடியில் துணியை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும் நேர்த்தியே யார் வேலை என்று சொல்லிவிடும்.

பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். அது வெறும் பலகை பெஞ்சு, அதனால்தான் படிப்பு ஏறவில்லை என்பார். அப்பா போன பிறகு ஒரு பழைய நாற்காலிக் கடையில் ஆணி பிடுங்கும் வேலை கிடைத்தது. பிடுங்கின ஆணியை நிமிர்த்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். எப்படி அடித்திருக்கிறார்கள் என்பதைப் பிடுங்கிப் பிடுங்கியே கற்றுக்கொண்டார். கையைப் பிடித்து ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு அவர் கடையில் வரிசையாக மிஷின் ஓடுகிறது. வாசலில் பஸ் கம்பெனி லாரி காத்து நிற்கிறது. யார் தயவும் இல்லாமல் வந்த மனிதர். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திப் பேசினால்தான் என்ன?

அவருக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு சோபாவைத் தடவிப் பார்த்தாலே அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவார். எந்த மூலையில் மாமியார், எந்த இடத்தில் டிவி ரிமோட்டை விடாத மருமகன், யார் கோபித்துக்கொண்டு ஓரமாகவே உட்காருகிறார்கள் என்பதெல்லாம் அமுங்கின ஃபோமில் தெரியும் என்பார். ஒரு தடவை ஒரு வீட்டில் இப்படிச் சொல்லப் போய் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்துவிட்டது. அந்த சோபா வேலை கை நழுவிப் போனதுதான் மிச்சம்.

இப்படிப்பட்ட மனிதர் கடலுக்குள் முங்கப் போனது பல் டாக்டரால். டாக்டரின் நாற்காலிக்குப் புது ரெக்சின் போடுவதற்காக அதைக் கவிழ்த்துப் போட்டிருந்த நேரம். பொழுது போகாத டாக்டர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். நீலத் தண்ணீரில் பவளப்பாறைகள், மஞ்சள் மஞ்சளாக மீன்கள், நடுவில் முதுகில் சிலிண்டரோடு ஒரு ஆள்.

"இது யாரு?"

"நான்தாண்ணே. ஸ்கூபா டைவிங்."

"உங்களுக்கு இது முடியுதா?"

"முடியுதே."

"அப்ப எனக்கு முடியாதா?"

நீச்சலே தெரியாத மனிதர் கேட்ட கேள்வி அது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மறுவாரமே நீச்சல் குளத்தில் நின்றார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் தனியாக நிற்கக் கூச்சமாக இருந்ததால் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார். கடையில் துணி வெட்டுவது அவள். எந்த வேலையையும் அலட்டிக்கொள்ளாமல் செய்வாள். அவர் தண்ணீரை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் சத்தமே இல்லாமல் அக்கரைக்குப் போய்விட்டாள். டைவிங்கில் யாரும் தனியாக இறங்கக் கூடாது, இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் இறங்க வேண்டும். அவருக்கு ஜோடி அவள்தான். அங்கேயும் அதே கதைதான். மூச்சை அளந்து விடுவாள். அவர் சிலிண்டரில் காற்று தீரும்போது அவளுடையதில் பாதி மிச்சம் இருக்கும். "மேல பேசுற பேச்சுக்குக் கீழயும் காத்து செலவாகுதுண்ணே" என்பார் டாக்டர்.

இந்தக் கேலியெல்லாம் மெத்தைக்காரரை ஒன்றும் செய்யாது. ஆனால் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஒரு முறை ஆழத்தில் அவருடைய மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதை வெளியேற்றும் விதம் அவருக்கு அத்துப்படிதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எல்லாம் பறந்துவிட்டது. விறுவிறுவென்று மேலே போய்விட வேண்டும் என்று காலை உதைத்தார். அப்படி அவசரப்பட்டு மேலே போனால் நுரையீரலுக்கே ஆபத்து. மனைவி அவருடைய மார்புப் பட்டையைப் பிடித்தாள். விடவே இல்லை. முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று கையைக் காட்டினாள். கடையில் மிஷினில் நூல் சிக்கினால் வேலையாட்களுக்குக் காட்டுவாளே, அதே கை. அவருடைய மூச்சு அடங்கியது. அன்றிலிருந்து அவள் பக்கத்தில் இல்லாமல் அவர் தண்ணீருக்குள் தலை வைத்ததில்லை. கேட்டால், "அவளைத் தனியா விட பயமா இருக்கு" என்பார்.

அப்படிப்பட்ட ஜோடிக்கு ஒரு சோதனை வந்தது. முந்தைய வருஷம் டாக்டர் ஏற்பாடு செய்த பயணத்தில் படகிலேயே தங்க வேண்டியிருந்தது. அதற்கு லைவ்அபோர்டு என்று பெயர். சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகில்தான். கரைக்கு வராமலே ஒவ்வொரு பாறைத்திட்டாகப் போய் முங்குவார்கள். அந்தப் படகில் அவர்களுக்குக் கிடைத்த அறை மூக்குப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் கட்டில் எழும்பி எழும்பி விழுந்தது. கடலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டே முழுப் பயணமும் கிடந்தாள் மனைவி. கரை இறங்கியதும் சொல்லிவிட்டாள்:

"இன்னும் ஒரே ஒரு தடவை வரேன். அதுவும் நீங்க பார்த்து எடுக்கிற படகுன்னாதான். இதே கூத்து மறுபடியும் நடந்துச்சுன்னா நான் கரையோட நின்னுக்கிறேன். நீங்க வேற ஜோடி தேடிக்கோங்க."

வேற ஜோடி! அந்த வார்த்தை அவர் நெஞ்சில் ஊசி மாதிரி தைத்துக்கொண்டு நின்றது. வெளியில் மட்டும், "நான் பார்த்து எடுத்தா தப்பாகுமா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

தானே துறைமுகத்துக்குப் போய் இரண்டு படகுகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று வெள்ளைப் படகு. மூன்று அடுக்கு. உள்ளே நுழைந்தவர் சோபாவைத் தடவிப் பார்த்துச் சொக்கிப் போனார். இரட்டைத் தையல், ஓரத்தில் கொஞ்சமும் கோணாமல் ஓடும் பைப்பிங் நாடா, அமுக்கினால் பொறுமையாக எழும்பி வரும் ஃபோம். உச்சி மாடியில் பெரிய ஜன்னல்களோடு ஒரு அறை. அதில் கிடந்த மெத்தை மாதிரி அவரே இதுவரை பார்த்ததில்லை. அப்படி அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் கட்டியிருந்தது பச்சைப் படகு. குட்டையாக, வயிறு பெருத்து, அங்கங்கே பெயிண்ட் உரிந்து நின்றது. பெஞ்சு மெத்தையெல்லாம் கிழிசல், கிழிசலின் மேல் டேப். ஒரு எட்டு வைத்தார், டேப்பைப் பார்த்தார், அப்படியே இறங்கிவிட்டார். மெத்தையை இப்படி வைத்திருக்கிறவன் இஞ்சினை எப்படி வைத்திருப்பான் என்பது அவர் கணக்கு.

டைவிங் கூட்டாளிகள் எல்லாரும் டாக்டர் கிளினிக்கில் கூடியபோது அங்கேயே அறிவித்துவிட்டார். "வெள்ளைப் படகுதான். பச்சையா ஒண்ணு நிக்குது, குப்பைத்தொட்டி. மாடி ரூம் எங்களுக்கு. நான் சொன்னா சொன்னதுதான்."

படகு ஏஜென்ட்டுக்கு சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. மதியம் சாப்பிட்ட கையோடு மனைவி கிளம்பி நின்றாள்.

"போட்டோ காட்டினேனே, போதாதா?"

"போட்டோ ஆடுமா? கூட்டிட்டுப் போங்க."

வெள்ளைப் படகின் ஏஜென்ட் வாசனையெல்லாம் பூசிக்கொண்டு வரவேற்றார். மெத்தைக்காரர் முன்னால் நடந்து, தன் சொந்த வீட்டைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். "இந்தத் தையலைப் பாரு. கைப்பிடி எப்படிச் சுத்தியிருக்கான் பாரு." அவள் தலையாட்டினாள். உச்சி மாடி அறைக்குப் போனார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு இழுவைப்படகு துறைமுகத்துக்குள் போனது. அது கிளப்பின அலை வந்து மெதுவாகத்தான் தட்டியது. கீழே இருந்தால் தெரிந்தே இருக்காது. மேலே ஜன்னல் திரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சலாடியது. அவளுடைய முகம் வெளுத்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கீழ போலாம்."

"கட்டிப் போட்ட படகுல எவனுக்காவது தலை சுத்துமா?"

 அவள் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய், கரை மேடையில் படகுக் கயிறு கட்டுகிற இரும்புக் குற்றி மேல் உட்கார்ந்துவிட்டாள். மெத்தைக்காரருக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தது. எரிச்சலை மட்டும் காட்டினார்.

பச்சைப் படகில் ஒரு பெண்மணி குழாயைப் பிடித்து, டைவ் செய்கிறவர்கள் போடும் வெட்சூட்டு உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தார். நல்ல வாட்டசாட்டம், கால்சட்டை, தலையில் துண்டு. அதன் கேப்டன் அவர்தான். இங்கே நடப்பதைப் பார்த்துக் குழாயை மூடினார்.

"அக்கா, வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? உள்ள வந்து கொஞ்ச நேரம் படுங்க. தண்ணி குடிங்க."

"வேணாம், வேணாம்" என்றார் மெத்தைக்காரர்.

"நான் உங்களையா கூப்பிட்டேன்?" என்றார் கேப்டன்.

மனைவி எழுந்து போய்விட்டாள். அவரும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. படகின் நடுவில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. கட்டில் மேல் சுருக்கம் விழுந்த பழைய மெத்தை. அவள் படுத்தாள். "காத்து நல்லா வருது" என்றாள். சற்று நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள். வண்டியில் போனாலும் தூங்காதவள், படகில் தூங்குகிறாள்! இன்னொரு படகு போனது. வெள்ளைப் படகின் உச்சி தலையாட்டுவதை அறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இங்கே தரையில் வைத்த தண்ணீர் டம்ளர் ஆடவில்லை.

கேப்டன் திரும்ப வேலைக்குப் போய்விட்டார். மெத்தைக்காரருக்குச் சும்மா உட்கார வராது. பின்பக்கம் போய், டைவ் செய்கிறவர்கள் தயாராகும் பெஞ்சைக் கவனித்தார். கிழிசலைப் பார்த்துத் திட்டத்தான் போனார். கை தானாகத் தடவியது. தடவின கை நின்றுவிட்டது.

கிழிசல் கண்டபடி இல்லை. ஒரே அளவு இடைவெளியில், ஒவ்வொரு ஆள் உட்காரும் இடத்துக்கும் பின்னால் ஒன்று. சிலிண்டரின் அடிப்பாகம் உரசி உரசித் தேய்ந்த இடம். முன் ஓரத்தில் ஃபோம் இரண்டு குழியாக அமுங்கியிருந்தது. குனிந்து காலில் ஃபின் என்கிற நீச்சல் துடுப்பை மாட்டுகிறவர்களின் தொடை அழுத்தின குழி. ரெக்சினில் உப்பு பூத்த வளையங்கள். ஆளில்லாத வீட்டு சோபா இல்லை இது. ஒரு நாளும் ஓயாமல் ஆட்கள் உட்கார்ந்து, எழுந்து, குதித்து, ஏறி வந்து, மறுபடி உட்கார்ந்த பெஞ்சு.

அவர் மனசு வெள்ளைப் படகின் பின்பக்கத்துக்கு ஓடியது. அந்த பெஞ்சின் பைப்பிங்கை எத்தனை மெச்சினார்! மெத்தையின் ஓரத்தில் கம்பெனி ஒட்டின கண்ணாடித்தாள்கூட இன்னும் உரியவில்லை. புதுசு என்று நினைத்தார். படகு புதுசில்லையே?

இறங்கி விறுவிறுவென்று வெள்ளைப் படகுக்குப் போனார்.

"தம்பி, ஒரு சிலிண்டர் எடுங்க."

"எதுக்கு சார்?"

"எடுங்கன்னா எடுங்க."

தேடிக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிலிண்டரை பெஞ்சில் முதுகுப் பக்கமாக நிறுத்திவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்தார். பாதி உடம்பு பெஞ்சில், பாதி உடம்பு காற்றில். கொஞ்சம் விட்டால் தரையில் இருந்திருப்பார். கையால் சாண் போட்டுப் பார்த்தார். நாற்காலி செய்கிற எவனும் செய்யாத தப்பு. அழகான மெத்தை, ஆனால் இந்த வேலைக்கு இல்லை.

"இதுல உக்காந்து எப்படிக் கடல்ல குதிக்கிறது?"

ஏஜென்ட் சிரித்தார். "சார், உண்மையைச் சொல்றேனே, எங்ககிட்ட வர்றவங்க நிறையப் பேர் குதிக்கிறதே இல்ல. மேல உக்காந்து காத்து வாங்கிட்டு, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. பாட்டு சிஸ்டம் பார்த்தீங்களா?"

மெத்தைக்காரர் திரும்பி நடந்தார். வாழ்க்கை முழுக்க மெத்தையைப் பார்த்து மனுஷனைச் சொன்னவர். கிழிந்த மெத்தை, நல்ல மெத்தை என்று மட்டும் பார்த்துவிட்டு, யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்காமல் போனோமே என்று காது மடல் சூடானது. அதைவிடப் பெரிய சூடு, டாக்டரின் சிரிப்பை நினைத்தபோது வந்தது. கிளினிக்கில் அத்தனை பேர் முன்னால் குப்பைத்தொட்டி என்று சொன்ன வாயாயிற்றே.

அறைக்கு வந்தபோது மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

"கொஞ்சம்தான்."

அவள் கூந்தலை முடிந்துகொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினாள். "இங்க பாருங்க. எல்லார்கிட்டயும் வெள்ளைப் படகுன்னு சொல்லிட்டீங்க. இப்ப மாத்தினா உங்களைக் கேலி பண்ணியே கொன்னுடுவாங்க. அதையே எடுத்துட்டுப் போயிட்டு வாங்க. நான் வரலை. டைவிங் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர்கிட்ட சொல்லி வேற யாரையாவது ஜோடி சேர்த்துக்கோங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் இரண்டு மடங்கு கத்தியிருப்பார். அவள் அவருடைய மானத்துக்காகச் சொன்னாள். அதுதான் அவரை அடித்துப் போட்டது. மார்புப் பட்டையைப் பிடித்த கை இப்போது மடியில் சும்மா கிடந்தது. அந்தக் கை இல்லாத கடலை நினைத்துப் பார்த்தார். அவருக்கு அந்தக் கடல் வேண்டாம்.

அவள் முன்னாலேயே போனை எடுத்தார்.

"டாக்டர், பச்சைப் படகு."

"என்னது?"

"பச்சைப் படகு எடுக்கிறோம்."

"என்னண்ணே, குப்பைத்தொட்டின்னு சொன்னீங்களே!" பின்னால் யார் யாரோ சிரிப்பது கேட்டது. யாரோ ஒருவர் பல் பிடுங்கும் நாற்காலியிலிருந்தே சிரித்திருக்க வேண்டும்.

"சொன்னேன். நான் பார்த்தது தப்பு. அந்த வெள்ளைல சிலிண்டரோட உக்காந்தா பின்பக்கம் அந்தரத்துல தொங்கும். உங்க பின்பக்கத்துக்கு ரெண்டு பெஞ்சு வேணும்."

"சொன்னா சொன்னதுதான்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொன்னவனும் நான்தான், சரியாச் சொல்றவனும் நான்தான். நடுவுல நீங்க எங்க வந்தீங்க? எல்லாருக்கும் சொல்லிடுங்க. நடுவுல இருக்கிற கீழ் ரூம் எங்களுக்கு."

போனை வைத்தார். தப்பு என்று தன் வாயால் சொல்லி முடித்த பிறகும் வானம் இடிந்து விழவில்லை என்பது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன பார்க்குற?"

"ஒண்ணுமில்ல. மீசையில தூசி."

வெளியே போய் கேப்டனிடம் முடிவைச் சொன்னார். "ஒரு கண்டிஷன். பயணத்துக்கு முன்னாடி இந்த பெஞ்சை நான் தைச்சுத் தருவேன். முதுகுப் பக்கம் தோல் மாதிரித் தடியா ஒரு பட்டை வைப்பேன், சிலிண்டர் உரசினாலும் கிழியாது. இனிமே டேப் ஒட்டினா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"இத்தனை நாளா இதைச் செய்ய ஒரு ஆளைத் தேடிட்டு இருந்தேங்கய்யா. ஒருத்தன் வந்தான், வெல்வெட் போடலாம்னு சொன்னான்."

"கடல்லயா?"

"கடல்லதான்."

இருவரும் அந்த முகம் தெரியாத ஆளை நன்றாகத் திட்டினார்கள். அதிலேயே சிநேகம் முற்றிவிட்டது.

பயணம் புறப்பட்ட அன்று கடல் சாதுவாக இல்லை. துறைமுகம் தாண்டியதும் அலை பக்கவாட்டில் அடித்தது. டாக்டர் முகம் வெளிறிப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார். வேறு சமயமாக இருந்தால் மெத்தைக்காரர் அவரை விட்டிருக்க மாட்டார். அன்று அவருக்கு வேறு கவலை. கீழ் அறைக் கதவருகே போவதும், காது கொடுத்துக் கேட்பதும், திரும்புவதுமாக இருந்தார். உள்ளே இருந்து சத்தமே இல்லை. வாளி உருளும் சத்தமும் இல்லை. அதுவே அவருக்கு பயமாக இருந்தது.

கடைசியில் கதவைத் தள்ளிப் பார்த்தார். கட்டில் காலி.

பதறிப் போய்ப் பின்பக்கம் ஓடினார். அவர் தைத்த பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் முட்டை. கேப்டன் கடலைக் காட்டி என்னவோ சொல்ல, அவள் கேட்டுக்கொண்டே மென்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிடுறியா?" என்றார்.

"ஏன், சாப்பிடக்கூடாதா? உங்க பங்கையும் சேர்த்துத்தான் சாப்பிடுறேன். இந்த அம்மா சொல்றாங்க, மழைக்காலம் முடிஞ்சதும் தெற்குப் பக்கம் ஒரு திட்டுக்குப் போவாங்களாம். பெரிய பெரிய திருக்கை வருமாம். நம்ம ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கச் சொல்லிட்டேன்."

மெத்தைக்காரர் சட்டென்று குனிந்து பெஞ்சின் ஓரத் தையலைச் சரிபார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் வெகு நேரம் பார்த்தார். அதற்குள் படகு நின்று நங்கூரம் போட்டது. அடியில் பாறைத்திட்டு வெளிர்நீலமாகத் தெரிந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வெட்சூட்டின் முதுகு ஜிப்பை அவர் பக்கமாகத் திருப்பி நின்றாள்.

"இழுத்து விடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடலாம்."